என் முன்னால் போட்ட கையெழுத்து

பக்கத்து வீட்டுக் கொடியில் அந்த வெள்ளைக் கோட்டு முதன்முதலாகக் காய்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பின்பக்கத்து வாசற்படியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் என் காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ ஆடியது. திரும்பிப் பார்த்தேன். நீளக் கை, இரண்டு பெரிய பைகள், மார்புப் பக்கம் நீல நூலால் தைத்த எழுத்துகள். மற்றத் துணிகளையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, அதற்கு மட்டும் கொடியில் தனி இடம் விட்டிருந்தாள் அந்த வீட்டுக்காரி.

"என்னங்க, தாடையில ரத்தம்," என்றாள் என் மனைவி.

அவள் சொன்ன பிறகுதான் எரிந்தது.

அந்தக் கோட்டின் சொந்தக்காரன் என்னிடம் படித்தவன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், என் மகளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து இரசாயனம் படித்தவன். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, மோசமென்றும் சொல்ல முடியாது. உயர்தரப் பரீட்சையில் அவனைவிட என் மகளுக்குப் புள்ளிகள் அதிகம். கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே அதிகம். ஆனால் கோட்டு அவர்கள் கொடியில் காய்ந்தது.

இது எப்படி நடந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அரச மருத்துவ பீடத்துக்குப் போக ஒரு பிள்ளை எத்தனை புள்ளி எடுக்க வேண்டும் என்பது, அந்தப் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்பதைப் பொறுத்தது. கண்டிக்கு வெட்டுப்புள்ளி உயர்வு. வசதி குறைந்த மாவட்டம் என்பதால் நுவரெலியாவுக்குக் குறைவு. நாங்கள் இனக் கலவரம் வரைக்கும் நுவரெலியா மாவட்டத்தில்தான் இருந்தோம். நான் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பக்கத்து வீட்டு முதலாளிக்கு அதே ஊர்ச் சந்தியில் கடை.

கலவரத்தில் அவர் கடை எரிந்தது. எரிகிற கடையை விட்டுவிட்டு, லொறியை நேராக என் குவாட்டர்ஸ் வாசலுக்கு ஓட்டி வந்தார் மனிதர். "மாஸ்டர், புத்தகத்த விடுங்க, புள்ளையத் தூக்குங்க!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. என் மகளும் அவர் மகனும் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில், படங்குக்குக் கீழே குந்தியிருந்தார்கள். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகச் சில வாரங்கள் கிடந்தோம். பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரே மதிலைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்தோம். முதலாளி டவுனில் ஒரு இரும்புக் கடை போட்டார்.

ஒரு வருடம் கழித்துக் கல்வித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்புகிறீர்களா, கண்டிப் பக்கம் நிரந்தரமாக மாற்றம் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். மாற்றம் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்டியில் ஆய்வுகூடம் உண்டு, நல்ல ஆசிரியர்கள் உண்டு, பிள்ளைக்குப் பாதுகாப்பும் உண்டு என்று நினைத்தேன். மாவட்டத்தைப் பற்றி நினைக்கவில்லை. பெறுபேறு வந்த அன்று, நுவரெலியா வெட்டுப்புள்ளியைப் பத்திரிகையில் விரலை வைத்துப் பார்த்தேன். அங்கேயே இருந்திருந்தால் அவளுக்கு மருத்துவம் தாராளமாகக் கிடைத்திருக்கும். கண்டியில் மயிரிழையில் போய்விட்டது. பேராதனையில் விஞ்ஞானப் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. அதுவும் வேலைநிறுத்தம், மூடல், மீண்டும் வேலைநிறுத்தம் என்று மாதக்கணக்கில் வீட்டில்தான் இருந்தாள்.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

கொழும்புப் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று திறக்கப்போகிறார்கள் என்று விளம்பரம் வந்ததும், முதலாளி வழுவழுப்பான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"மாஸ்டர், இங்கிலீசுல இருக்கு. படிச்சுச் சொல்லுங்க. அசல் காலேஜ்தானா, இல்ல போர்டு மட்டுமா?"

கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அந்தப் பக்கம் எனக்கு முன்பே தெரியும். "வைத்திய சபையோட அனுமதிக்கு விண்ணப்பிச்சிருக்காங்களாம். கெடைச்சதுன்னு போடல. சபை ஆளுங்க வந்து பார்க்கணும். ஆஸ்பத்திரியில எத்தன கட்டில், படிச்சுக் கொடுக்க எத்தன டாக்டர்னு எண்ணணும். அதுக்கப்புறந்தான் அனுமதி. வராம போனா அஞ்சு வருசம் படிச்சும் ஒரு ஊசி போட முடியாது, முதலாளி."

"ஒங்க புள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?"

"காத்திருப்பேன்," என்றேன்.

பொய். அதே புத்தகத்தை நானும் தபாலில் வரவழைத்திருந்தேன். பள்ளிக்கூட மேசை லாச்சியில், வரவுப் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. கட்டணம் போட்டிருந்த பக்கத்தைத் தாண்ட என்னிடம் பணம் இல்லை, அவ்வளவுதான்.

முதலாளி சிரித்தார். "கடை எரிஞ்சத கண்ணால பார்த்தவன் மாஸ்டர் நானு. அனுமதி வந்த பொறகு செய்யலாம்னு இருந்தா இந்த ஊர்ல ஒரு ஆணி வித்திருக்க மாட்டேன்."

மகனைச் சேர்த்துவிட்டார்.

முதல் விடுமுறைக்கு வந்தவன் ஒரு பெட்டி நிறைய எலும்புகளைக் கொண்டுவந்தான். மூத்த மாணவன் ஒருவனிடம் வாங்கிய உண்மையான மனித எலும்புகள். அவன் அம்மா பெட்டியை வாசற்படி தாண்ட விடவில்லை.

"யாரு எவருன்னு தெரியாத எலும்பு. ஆம்பளையா பொம்பளையான்னாவது தெரியுமாடா?"

"இடுப்பெலும்பப் பார்த்தா தெரியும்மா. ஆம்பள."

"அப்ப இன்னும் மோசம். வயசுப் புள்ளைங்க இருக்கிற வீடு இது." மதிலுக்கு மேலால் என் மனைவியைக் கூப்பிட்டு நியாயம் கேட்டாள். "நீங்களே சொல்லுங்கக்கா!"

எலும்புப் பெட்டி லொறிக் கொட்டகைக்குப் போனது. பழைய டயர்களுக்கு மேல் அதை வைத்து, முன்னால் ஒரு சூடம் கொளுத்தினாள். என் மகள் பார்க்கப் போனாள். நானும் ஏதோ கேட்கப் போகிறவன்போல் பின்னால் போனேன். அவன் சாக்கை விரித்து மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளைப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னான். ஐந்தோடு நின்றுவிட்டான். என் மகள் குந்தி உட்கார்ந்து, மீதி மூன்றையும் பெயர் சொல்லி எடுத்து, எட்டையும் இரண்டு வரிசையாக அடுக்கி வைத்தாள். அவனுடைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"நீ போய் என் எடத்துல படி," என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "நான் அப்பா கடையில சீமெந்து நிறுக்கிறேன்."

அவளும் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் வைத்த விதம்தான் என்னைக் கொன்றது. அவை அவளுடைய எலும்புகள் என்று எனக்குப் பட்டது. யாரோ ஒருவர் செத்து விட்டுப்போன எலும்பின்மேல் உரிமை கொண்டாடும் அளவுக்குப் போயிருந்தேன்.

பிறகு வழக்கு வந்தது. வைத்திய சபை அந்தக் கல்லூரிக்குக் கொடுத்த அனுமதி முறைப்படி கொடுத்ததல்ல, பயிற்சிக்குப் போதிய ஆஸ்பத்திரி இல்லை, அனுமதியை இரத்துச் செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பு கொழும்பு நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் கல்லூரியை மூடு என்றும் சொல்லவில்லை, நடத்து என்றும் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் அறிக்கை கேட்டது. கட்டில் எத்தனை, விரிவுரையாளர் எத்தனை, சேர்த்த பிள்ளைகளின் தகுதி என்ன என்று நீதிபதிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சிங்கள இளைஞர்கள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, கண்டிக்குப் பத்திரிகை நேரத்துக்கு வராத காலம் அது. ஒருநாள் ஹர்த்தால், ஒருநாள் ஊரடங்கு. வந்த நாளில் முதலில் வழக்குச் செய்தியைத்தான் தேடுவேன். நீதிபதி ஒரு கடுமையான கேள்வி கேட்டிருந்தால் அதற்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேன். பேராதனை வீதி மதில்களிலும் பட்டத்தை விற்காதே என்ற சுவரொட்டிகள் இருந்தன. ஒட்டியவர்கள் யார் என்று கேட்டால் நாக்கு எழும்பாத காலம், ஆனால் வாசிக்க எனக்கு இனிப்பாக இருந்தது. ஆசிரியர் அறையில் ஏழைப் பிள்ளைகளின் உரிமை பற்றி அழகாகப் பேசினேன். நான் சொன்னது அத்தனையும் நியாயம். அந்த நியாயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மாலையில் முதலாளி மதிலோரம் வந்து நிற்பார். "என்ன மாஸ்டர், இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?"

"கட்டில் போதாதுன்னு நீதிபதி சொல்லியிருக்காரு."

"நான் வேணும்னா பத்துக் கட்டில் லொறியில ஏத்தி அனுப்பட்டா?"

அவர் பகிடி பண்ணுவார். நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் இடைக்கால உத்தரவு வந்தது. ஏற்கெனவே சேர்ந்துள்ள ஒவ்வொரு மாணவரும் தன் தகுதியைச் சொல்லி, பெறுபேற்றுப் பத்திரத்தின் பிரதியுடன் ஒரு சத்தியக் கடதாசி சமர்ப்பிக்க வேண்டும். குறித்த நாளுக்குள் கொடுப்பவர்களின் பெயர் மட்டும்தான் நீதிமன்றம் பார்க்கும் பட்டியலில் இருக்கும். வழக்கு எப்படி முடிந்தாலும் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு வழி பண்ணப்படும். பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

நான் சமாதான நீதவான். சத்தியக் கடதாசி எழுதிக்கொடுப்பவர் என் முன்னால் கையெழுத்திட, இது என் முன்னிலையில் இடப்பட்டது என்று நான் சான்று எழுதி, முத்திரை குத்த வேண்டும். சட்டம் அப்படி. நடைமுறை வேறு. தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிறப்புப் பதிவுக்கும் பிரஜாவுரிமைக்கும் கடதாசி கொண்டுவருகிற சனம், கையெழுத்துக்குரிய ஆளைக் கூட்டிவருவதில்லை. கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி கண்டிக்கு வந்தால் அன்றைய பெயர் விழாது, சம்பளம் போய்விடும். அவள் ஏற்கெனவே போட்ட கையெழுத்தோடு அண்ணனோ புருசனோ வருவான். ஆளை விசாரித்து, அடையாள அட்டையைப் பார்த்து, முத்திரை குத்திவிடுவேன். எத்தனை பேருக்குக் குத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கண்டியில் எல்லாச் சமாதான நீதவானும் அப்படித்தான் செய்தோம்.

உத்தரவு வந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் இங்கே இல்லை. கல்லூரி மூடிக்கிடந்தது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் கிளர்ச்சிக்காரர்களின் மிரட்டல் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம், மாணவன் என்றாலே படையினர் இறக்கி விசாரித்தார்கள். தமிழன் என்பதால் புலியாக இருப்பானோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. அதனால் அவனைத் தெல்தோட்டையில் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்த தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள்.

முதலாளி ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தார். சட்டத்தரணி தட்டச்சு செய்து அனுப்பிய கடதாசியைத் தாமே தெல்தோட்டைக்குக் கொண்டுபோய், மகனிடம் கையெழுத்து வாங்கி வந்திருந்தார். வியாழக்கிழமை காலை ரயிலில் சட்டத்தரணியின் ஆள் எல்லாவற்றையும் கொழும்புக்குக் கொண்டுபோகிறான். அவர் களைத்துப்போயிருந்தார். கடதாசியை உறையிலிருந்து எடுத்து, மேசையில் இருந்த ஈரத்தைத் தம் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வைத்தார்.

கையெழுத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த அதே கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு நீண்ட வளைவு பின்னால் போய்ப் பெயர் முழுவதையும் அடிக்கோடிடும். டாக்டருக்கு ஏற்ற கையெழுத்து என்று நானே ஒருமுறை அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

"முத்திரையப் போடுங்க மாஸ்டர். நான் ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடுறேன்."

"அவன் வரணும்," என்றேன்.

"எங்க?"

"இங்க. என் முன்னால கையெழுத்துப் போடணும். சட்டம் அப்படி."

அவர் என்னையே பார்த்தார். பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் போனவர், நிறுத்திவிட்டார். "மாஸ்டர், ரோட்டு இருக்கிற நெலமையில..."

"இது கோர்ட் விசயம் முதலாளி. பொறப்புப் பதிவு மாதிரி இல்ல. நாளைக்கு எதிர்த்தரப்பு லோயர் எழும்பி, இது யாருக்கு முன்னால போட்ட கையெழுத்துன்னு கேட்டா? கடதாசி தள்ளுபடி. அவன் பேரே போயிடும். நான் அவன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

ஒவ்வொரு சொல்லும் சரி. வேறு யாரிடமாவது போகலாம் என்று அவர் நினைத்திருந்தால், நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் நினைக்கவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்தார். கடதாசியை எடுக்கவில்லை. "இது இங்கயே இருக்கட்டும். நாளைக்கு முதல் பஸ்ல வரச்சொல்லி தோட்டத்துப் போனுக்குச் சொல்றேன்."

அவர் போன பிறகு என் மகள் உள்ளேயிருந்து வந்தாள். "போன வாரம் அந்தத் தோட்டத்து அம்மாவுக்கு ஆளப் பார்க்காமத்தானேப்பா குத்துனீங்க?"

"அது வேற, இது வேற."

அவள் மேசையிலிருந்த கடதாசியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. பையன் பத்து மணிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். பதினொன்றும் ஆனது. முதலாளி கடையைத் திறக்கச் சொல்லி ஒரு தரப்பும் மூடச் சொல்லி ஒரு தரப்பும் மிரட்டியதால் டவுனுக்குப் போயிருந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர் ஒருவர் எங்கள் வாசலுக்கு மூச்சிரைக்க வந்தார்.

"மாஸ்டர், ஒங்கட பக்கத்து வூட்டு மொதலாளிட மகன பாலத்தடியில எறக்கி வெச்சிரிக்காங்க. பேக்ல என்னமோ எலும்புப் படம் போட்ட புத்தகமாம். காலேஜ் கார்டும் இரிக்கி. சுணங்காம போங்க. ட்ரக் வந்தா ஏத்திட்டுப் போயிருவாங்க."

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் மற்றதையெல்லாம் எழுதியதில் அர்த்தமில்லை. அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயமல்ல. அந்தக் கொடி வெறுமையாக ஆடுவது கண்ணுக்குள் தெரிந்தது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயம்.

மதிலுக்கு அப்பால் அவன் அம்மா அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது.

"முத்திரைய எடுத்துட்டுப் போங்கப்பா," என்றாள் மகள். அவளே லாச்சியைத் திறந்து, முத்திரையையும் மைத்தட்டையும் என் நியமனக் கடிதத்தையும் ஒரு பைக்குள் போட்டுத் தந்தாள்.

பாலத்தடியில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஐந்தாறு இளைஞர்கள் குந்த வைக்கப்பட்டிருந்தார்கள். கைகள் தலைக்கு மேல். அவன் இரண்டாவது ஆள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். ஒரு சிப்பாய் துப்பாக்கியால் தோளில் தட்டி உட்கார வைத்தான். கீழே மகாவலி கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. பிணங்கள் மிதந்து வந்த அந்த மாதங்களில் ஆற்றைப் பார்க்கக்கூடாது என்று எல்லாரும் பழகியிருந்தோம். நானும் பார்க்கவில்லை.

அதிகாரி இளைஞர். என் மகளைவிட ஏழெட்டு வயது கூடியிருக்கலாம். சிங்களத்தில் பேசினேன். நியமனக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"இவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிறந்ததிலிருந்து தெரியும். என் மாணவன்."

"தெல்தோட்டையில் இருந்தவன் இன்றைக்கு ஏன் இங்கே வந்தான்? இவனைக் கேட்டால் யாரோ முன்னால் கையெழுத்துப் போட வந்ததாகச் சொல்கிறான். எந்தக் கூட்டத்தின் கையெழுத்து?"

"என் முன்னால்தான். நான்தான் வரச்சொன்னேன். நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற கடதாசி."

அவர் தலையை உயர்த்தினார். "இன்றைக்கா? இந்த வயதுப் பையனையா? பஸ்ஸில் வரச்சொன்னீர்களா?"

"சட்டம்," என்றேன். "நேரில் வர வேண்டும் என்பது சட்டம்."

அவர் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற சிப்பாய்தான் சிரித்தான். அதிகாரி கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, மாத்தயா?"

"ஒரு மகள்."

அவர் ஒரு தாளைத் தந்து எழுதச் சொன்னார். இவன் இன்னார், இவனை நான் அறிவேன், இவன் என் சொல்லின்பேரில்தான் பயணம் செய்தான், இவனுக்கு நான் பொறுப்பு. மணல் மூட்டையின்மேல் தாளை வைத்து எழுதினேன். என் சொல்லின்பேரில் என்ற இடத்தில் பேனா ஓடவில்லை, மை நின்றுவிட்டது. உதறி மறுபடி எழுதினேன். முத்திரை குத்தினேன்.

உடனே விடவில்லை. வயர்லஸ்ஸில் யாரிடமோ கேட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் வெயிலில் நின்றேன், அவன் குந்தியிருந்தான். இடையில் ஒரு ட்ரக் வந்தது. மற்றவர்களில் இருவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர்களுக்காக யாரும் வந்திருக்கவில்லை. அந்த இருவருடைய முகங்கள் இன்னும் எனக்குத் தெளிவாக நினைவில் இருக்கின்றன. பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன செய்திருப்பேன்?

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவன் அம்மா வாசலில் நின்று அழுதாள். முதலாளியும் அதற்குள் வந்துவிட்டார். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர் இல்லேன்னா என் வம்சமே இல்ல," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

கையெழுத்து வேலை மிச்சம் இருந்தது. அவனை என் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்காரவைத்து, சட்டத்தரணி அனுப்பியிருந்த இரண்டாவது பிரதியை முன்னால் வைத்தேன். பேனாவைப் பிடித்தான். கை நின்றபாடில்லை. முதல் எழுத்து இரண்டாக உடைந்தது. வளைவு வரவே இல்லை, தாளின் ஓரத்தில் கிறுக்கிவிட்டு நின்றது. கல்லூரிப் பதிவில் இருக்கிற கையெழுத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் சொன்ன எதிர்த்தரப்பு லோயருக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது.

"தண்ணி குடி. மெதுவா," என்றேன்.

"வர மாட்டேங்குது சேர்," என்றான். அன்று அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

என் மகள் அலுமாரிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து மேசையிலேயே கிடந்த முதல் கடதாசியை எடுத்து என் முன்னால் வைத்தாள். நீண்ட வளைவுடன் அழகான கையெழுத்து. நான் அவனைப் பார்த்துக் கேட்டேன்:

"இது நீ போட்டதுதானா?"

"ஆமா சேர்."

கீழே, இது என் முன்னிலையில் இடப்பட்டது என்று எழுதினேன். முத்திரையைக் குத்தினேன். முதல் நாள் குத்த மறுத்த அதே தாள், அதே இடம். வியாழக்கிழமை காலை அது ரயிலில் போனது.

வழக்கு இன்னும் நெடுநாள் இழுத்தது. கடைசியில், பட்டியலில் பெயர் இருந்த பிள்ளைகள் வைத்திய சபையின் மேற்பார்வையில் படிப்பை முடிக்கலாம் என்றானது. அவன் முடித்தான். இன்றுவரை முதலாளி வீட்டுக்கு யார் வந்தாலும், மதிலுக்கு மேலால் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்கிறார். அவர் கதையில் நான் சட்டத்தை மதிக்கிற மனிதன், பாலத்துக்கு ஓடிப்போன மனிதன். நான் திருத்தவில்லை. என் மகளும் திருத்தவில்லை. அவள் பட்டத்தை முடித்து, கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள். தோட்டத்துச் சனம் கடதாசியோடு வந்தால், ஆளைக் கேட்காமல் இப்போதும் குத்துகிறேன். அப்படிக் குத்தும்போது அவள் அறையில் இருந்தால், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன மாதம் எனக்கு நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே அவன்தான் இருந்தான். கழுத்தில் குழாய். மார்புப் பையில் பெயர். என் சட்டையைத் திறந்து, குளிர்ந்த கையை வைத்துப் பார்த்தான். அமைதியான கை. மருந்துச் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டான். சின்னதாக ஒரு கோடு, ஒரு புள்ளி. வளைவு இல்லை.

"கையெழுத்த மாத்திட்டியா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கிலேருந்து அந்தப் பழசு வரல சேர்." சாதாரணமாகத்தான் சொன்னான். "பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. நீங்க நெறைய யோசிக்கிறீங்க."

சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் அடுத்த நோயாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கோட்டு அவனுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. என் மகளுக்குத் தோள் கொஞ்சம் ஒடுக்கம், கையைச் சற்று மடித்துத் தைக்க வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மருந்து கொடுக்கிறவர் என் இலக்கத்தை இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார்.